முதலில் பஸ், பிறகு வரி!

பெங்களூர் வெளிவட்டச் சாலையில், கிருஷ்ணராஜபுரத்திலிருந்து சில்க் போர்டு வரை, ஒற்றை ஆள் ஓட்டிவரும் கார்களுக்கு நெரிசல் வரி போடலாம் என்ற யோசனை 2025 செப்டம்பரில் வெளிவந்தது. "கார்க்காரன் கட்டட்டும், நமக்கென்ன?" என்கிறார்கள் நம்மவர் பலர். நமக்குத்தான் எல்லாம் இருக்கிறது, தோழர்களே!

வரியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஐம்பது பேரைச் சுமந்துவரும் பஸ், ஒற்றை ஆள் உட்கார்ந்த கார்களுக்குப் பின்னால் ஊர்ந்துவருவது அநியாயம். அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் கட்டட வேலைக்கும், கார்மெண்ட்ஸுக்கும், வீட்டு வேலைக்கும் போகிற நம் மக்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் கூலியில் கைவைக்கிறான் மேஸ்திரி. மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் இன்று காருக்கு வருகிற வரி நாளை யார் தலையில் விடியும்? நம் மக்களும் உழைத்து வாழும் சிங்கப்பூரில்தான் 1975-ல் இத்தகைய வரி முதன்முதலாக வந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் சரக்கு வண்டிக்கும் அன்று விலக்கு இருந்தது. 1989-ல் அந்த விலக்கு பறிபோனது. இங்கும் அப்படி நடந்தால், கொத்தனாரின் பழைய ஸ்கூட்டரும் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் டெம்போவும் தப்புமா?

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் வரி தொடங்கியது. ஆனால் 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பஸ்கள் ஓடின. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திய பிறகே 2007-ல் அதை நிலையாக்கினர். லண்டனில் 2003-ல் வந்தபோது, வரிப்பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிடவேண்டும் என்று சட்டமே சொன்னது.

இங்கே நடப்பதோ தலைகீழ்! 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. 2023 முதல் பெண்களுக்கு பஸ் இலவசம், ஏறத்தான் இடமில்லை. 2020-ல் ஒப்புதல் பெற்ற 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் 2025 முடிந்தும் ஓடவில்லை. ஆயிரம் பேரை ஒரே நடையில் கொண்டுசேர்க்கக்கூடிய ரயிலைக் கிடப்பில் போட்டுவிட்டு, சாலையில் நெரிசல் என்று புலம்புவதில் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று: வரி வருமுன் கூடுதல் பஸ்களும், அவற்றுக்குத் தனிப்பாதையும் வரவேண்டும்.

இரண்டு: வரிப்பணம் தனிக் கணக்கில் நின்று, பஸ்ஸுக்கும் ரயிலுக்குமே செலவாகவேண்டும். ஆண்டுதோறும் கணக்கை மக்கள்முன் வைக்கவேண்டும்.

மூன்று: இருசக்கர வண்டி, ஆட்டோ, சிறு சரக்கு வண்டிகளுக்கான விலக்கு, அமைச்சரின் வாய்மொழியில் அல்ல, சட்டத்திலேயே எழுதப்படவேண்டும்.

இது தமிழர் கோரிக்கை மட்டுமல்ல. கன்னடத் தோழரும் தெலுங்குத் தோழரும் காத்து நிற்பது அதே பஸ் நிறுத்தத்தில்தான். அவர்களோடு கைகோத்துக் கையெழுத்து வாங்குவோம். யோசனை சட்டமாகுமுன் நம் குரல் விதான சௌதாவை எட்டட்டும்!