நுரையால் வண்டி கழுவும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெமோதரைத் தோட்டத்து வீதியொன்றில் ஒருமுறை ஏறி இறங்கிய வண்டியைப் பார்த்தவர் அறிவர்: சக்கரம் முதல் கண்ணாடி வரை செம்மண் அப்பிக் கிடக்கும். கொழுந்து லொறியாயினும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியாயினும் அதன் கதி ஒன்றே. வீடு வந்ததும் பழந்துணி ஒன்றை நனைத்து அழுத்தித் துடைப்பதே நம்மவர் வழக்கம். வண்டியின் வர்ணத்திற்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை. செம்மண்ணில் கலந்துள்ள நுண்ணிய படிகக்கல் துணிக்கைகள் வர்ணப் பூச்சிலும் கடினமானவை. துணிக்கும் தகட்டுக்கும் இடையே அவை அகப்படும்போது, துணி உப்புத்தாளாக மாறிவிடுகின்றது.

கை படுமுன் மண்ணை இளக்கிவிடுவதே நுரையின் பணி. சவர்க்கார அணுத்திரளின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். ஆகையால் அது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக்கொண்டு நீரோடு கழன்று வருகின்றது. நீரின் மேற்பரப்பு இழுவிசையையும் அது தளர்த்துவதால், நீர் மண்ணுக்குள் எளிதில் ஊறுகின்றது. இந்த இழுவிசையைத் தம் வீட்டுச் சமையலறையிலேயே ஆராய்ந்தவர் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. பல்கலைக்கழகம் செல்லாத அவருடைய ஆராய்ச்சிக் கடிதம், 1891ஆம் ஆண்டு ரேலி பிரபுவின் உதவியால் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பாத்திரம் கழுவும் நீரிலும் விஞ்ஞானம் உண்டு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. வெறும் சவர்க்கார நீர் தகட்டில் வழிந்து ஓடிவிடும். நுரையோ சிறிது நேரம் ஒட்டி நின்று வேலை செய்யும். இதுவே நுரையின் சிறப்பு.

நுரை தெளிக்கும் கருவிகள் இருவகை. ஒன்று, கையால் காற்றடிக்கும் சிறு தாங்கி; மற்றொன்று, உயரழுத்த நீர்ப்பம்பியின் முனையில் பூட்டும் போத்தல். எதுவாயினும் முறை ஒன்றே. வண்டியை நிழலில் நிறுத்தி, இயந்திரமும் சக்கரங்களும் ஆறும்வரை பொறுத்திருங்கள். முதலில் வெறும் நீரால், சக்கர வளைவுகளின் உட்புறம் உட்பட, தளர்ந்த மண்ணைக் கழுவிவிடுங்கள். பின்னர் கீழிருந்து மேலாக நுரையைத் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள், உலரவிடலாகாது. அதன்பின் மேலிருந்து கீழாக அலசுங்கள். எஞ்சிய அழுக்கிற்கே மென்துணி வேண்டும். அதற்கும் இரு வாளிகள் வையுங்கள்: ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலச நன்னீர். உடுப்புத் தோய்க்கும் தூளைப் பயன்படுத்தாதீர்கள். அது வர்ணத்தின் மீதுள்ள மெழுகைப் போக்கிவிடும்.

இனி, எச்சரிக்கைகள். களைநாசினி அடித்த தோட்டத்துத் தாங்கியை எத்தனை முறை கழுவினாலும் இவ்வேலைக்கு எடுக்கலாகாது. அதில் தங்கிய நஞ்சு புகையாகக் கிளம்பி மூச்சிலும் தோலிலும் சேரும். தாங்கியைத் திறக்குமுன் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இல்லையேல் மூடி தெறித்து முகத்தைத் தாக்கும். உயரழுத்த நீரின் முனையை விளையாட்டிற்கும் மனிதர்மேல் திருப்பாதீர்கள். அது தோலைத் துளைக்கவல்லது. நுரை கண்ணில் பட்டால் நன்னீரால் பதினைந்து நிமிடம் கழுவி, எரிச்சல் தொடர்ந்தால் வைத்தியரை நாடுங்கள்.

மலைநாட்டார் மறக்கலாகாத இன்னொன்று உண்டு. கழுவிய வண்டியின் பிறேக்குகள் நனைந்திருக்கும். நனைந்த பிறேக் உடனே பிடிப்பதில்லை. ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு இறங்கும் வளைவுகளில் அதைக் கண்டறிவது ஆபத்து. சமதரையில் மெதுவாக ஓட்டி, பிறேக்கை மெல்ல மிதித்து மிதித்து உலர்த்தியபின்னரே சரிவில் இறங்குங்கள். பளபளப்பூட்டும் எண்ணெய்களைச் சக்கரத் தட்டிலும் ரயரின் தரைபடும் பகுதியிலும் பூசாதீர்கள்.

எங்கே கழுவுவது என்பதும் முக்கியமே. ஓடையருகே நிறுத்திக் கழுவுவது எளிது. நீருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் மேல் லயத்தார் கொட்டியது கீழ் லயத்தாரின் பீலிக்கு வரும். அங்கே ஒரு தாய் குழந்தையைக் குளிப்பாட்டுவாள். இன்னொருத்தி சோற்றுக்கு நீர் பிடிப்பாள். அந்நீர் பதுளு ஓயாவிற் கலந்து, மகாவலியிற் சேர்ந்து, எத்தனையோ வயல்களுக்கும் செல்கின்றது. ஆகவே ஓடைக்கும் கிணற்றுக்கும் தொலைவாக, புல்தரையிலோ சரளை மண்ணிலோ வண்டியை நிறுத்துங்கள்; மண் நுரைநீரை ஓரளவு வடித்துக்கொள்ளும். மருந்தையும் போத்தலில் குறித்த அளவுக்கு மேல் கலக்காதீர்கள். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாய்ப் போய்விடுவதில்லை, அலசும் நீரே மிகுதியாய்ச் செலவாகும்.

வண்டி பளபளப்பது கண்ணுக்கு அழகு. அதைக் கழுவிய நீரால் அயலார்க்குத் தீங்கு நேராதிருப்பதே வீட்டுக்கு அழகு.