நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு!



2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்து விட்டார்கள். கடலூர் வரை கரையோரப் பயிரெல்லாம் போச்சு. முன்கூட்டியே எச்சரித்தோம் என்கிறது அரசு. எங்களுக்கு எட்டவே இல்லை என்கிறது ஊர். பிறகு வந்த அறிவிப்பு என்ன? பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால்! ஏக்கருக்கு ஏழாயிரம்கூட தேறாது. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த கூலிக்குக் காணுமா?

இது நிவாரணம். அரசு பார்த்துக் கொடுப்பது. அரசின் தவறால் வந்த நட்டத்துக்குக் கேட்க வேண்டியது நட்டஈடு. அது நம் பாத்தியம்.

"கவர்மெண்டு மேலயா கேஸ் போடுறது?" என்று நம்மாட்களே தயங்குகிறார்கள். போடலாம். மாநில அரசின் மேல் வழக்குப் போட அரசியல் சட்டம் 300-வது பிரிவே வழிவிடுகிறது. ஆனால் நீதிமன்றங்கள் நெடுநாள் ஒரு சந்து வைத்திருந்தன. 1947-ல் மீரட் போலீஸ் ஒரு வியாபாரியிடம் பிடித்த தங்கத்தை ஏட்டு எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? போலீஸ் வேலை அரசாளும் அதிகாரம், அரசு பணம் தர வேண்டியதில்லை! 1994-ல்தான் காற்று திரும்பியது. ஆந்திராவில் அதிகாரிகள் பறிமுதல் செய்த உரம் கெட்டுப்போன வழக்கில், அலட்சியத்துக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் அணை மதகைத் திறப்பது மட்டும் ராஜ ரகசியமா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். வெள்ளம் வந்தது என்றால் மட்டும் போதாது, அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அடங்கல், போட்டோ, தண்டோரா போட்டார்களா இல்லையா என்பதற்குச் சாட்சி, எல்லாம் வேண்டும்.

முதலில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி அரசுச் செயலாளருக்கோ கலெக்டருக்கோ நோட்டீஸ். பெயர், முகவரி, நடந்தது, கேட்கும் தொகை அதில் இருக்கணும். இரண்டு மாதம் கழித்துத்தான் வழக்கு. அவசரமென்றால் கோர்ட் அனுமதியோடு உடனே போடலாம்.

கெடுவைப் பாருங்கள் அநியாயத்தை! அரசு நம்மேல் வழக்குப் போட 30 வருசம். நமக்கு மூன்று வருசம். ஒரு சட்டத்தின்படி செய்த காரியம் என்று அரசு வாதாடினால் ஒரே வருசம்தான் என்றாகிவிடலாம். ஆகவே ஒரு வருசத்துக்குள் போடுவதே பத்திரம்.

சிதம்பரம் பக்கம் கொள்ளிடக்கரை விவசாயிகளுக்கும் இதுவே பொருந்தும். தண்ணீர் வடிந்ததும் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் நகல் வாங்கி வையுங்கள். தனித்தனியாக அலைய வேண்டாம், ஊர்வாரியாகச் சேர்ந்து சங்கத்துக்கு வாருங்கள். நோட்டீஸை கடலூர் கலெக்டர் ஆபீசில் கூட்டமாகப் போய்க் கொடுத்து, ரசீது வாங்குவோம்!