சாமி காரியத்திலும் கணக்குக் கேளுங்கள்



பழனிக்கு ஒரு முறையாவது போய்வர வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத குடும்பம் நம்மிடையே குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பழனியாண்டவனுக்கு மொட்டை. மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தால் பழனியாண்டவனுக்குக் காணிக்கை. பத்துமலையிலும் தண்ணீர்மலையிலும் வருஷம் தவறாமல் காவடி எடுப்பவருக்கும், சாவதற்குள் அந்த மலையை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. தோட்டத்திலேயே இருப்பவர்களும் சரி, தோட்டம் கைமாறித் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டவர்களும் சரி, இந்த ஆசையை மட்டும் விடவில்லை.

ஆனால் அதற்கு ஆகும் செலவு லேசானதா? 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு, மோட்டார்சைக்கிள் தவணை எல்லாம் போக மிச்சம் பிடித்து, புருஷனும் பெண்சாதியும் பழனி போய்வர வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் சீட்டுப் போடவேண்டும். பலர் 55 வயதில் கைக்கு வரும் சேமநிதிப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். முப்பது வருஷம் வெட்டிய பாலும், சுமந்த குலையும் அந்தப் பணத்தில் இருக்கின்றன. அதில் ஒரு காசை எவனாவது ஏமாற்றிப் பிடுங்கினாலும் அது கூலித் திருட்டுதான் என்பது என் கருத்து.

நம் ஜனங்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பால் நிறுக்கும் இடத்தில் முள் ஒரு கோடு தள்ளி நின்றால், "என்ன கிராணியாரே, தராசு சரியில்லையே!" என்று மல்லுக்கு நின்றவர்கள். குலைக் கணக்கில் ஒன்று விட்டுப்போனாலும் ஆபீஸ் வாசலுக்கே போய்க் கேட்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் பழனி அடிவாரத்தில் விலை கேட்காமலே பையைத் திறந்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "சாமி காரியம் தம்பி, அதுல போயி பேரம் பேசலாமா?" என்கிறார்கள். இந்த ஒரு வார்த்தைதான் தரகனுக்கு மூலதனம்.

தரகனின் தொழில் எப்படி நடக்கிறது, பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவர் சிரித்த முகத்தோடு வருவார். நம் பேச்சை இரண்டு நிமிஷம் கேட்டாலே போதும், கண்டுபிடித்துவிடுவார். "மலேசியாவுங்களா? எங்க சித்தப்பாகூட கிள்ளான்லதாங்க இருக்கார்!" என்பார். உறவு முளைத்துவிட்டது. "செருப்பை இந்தக் கடையில விடுங்க, காசு வேணாம்" என்பார். செருப்பை விட்டதும் தேங்காய், பழம், மாலை வைத்த தட்டு கைக்கு வந்துவிடும். "இது இல்லாம மேலே விடமாட்டாங்க" என்பார் கடைக்காரர். விலை கேட்டால், ஆயிரக்கணக்கில் சொல்வார். கூட்டம் பின்னால் நெருக்கும், பிள்ளை அழும், செருப்போ அவர்கள் கையில். கொடுத்துவிட்டு நடப்போம். அதில் ஒரு பங்கு சிரித்த முகத்தாருக்குப் போய்விடும்.

அப்படி ஒரு சட்டம் பழனியில் கிடையாது. வெறுங்கையோடு மலையேறிப் பொது தரிசன வரிசையில் நின்று ஆண்டவனைப் பார்க்கலாம். அதற்குக் காசில்லை. ரோப் கார், விஞ்ச், கட்டண தரிசனம் எல்லாவற்றுக்கும் தேவஸ்தானமே கவுண்டர் வைத்திருக்கிறது. கட்டணம் எழுதியிருக்கும், ரசீதும் கிடைக்கும். "ரோப் கார் இன்னைக்கு ஓடாது, நான் வேற வழியில கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவன் சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது. பராமரிப்புக்காக அதை நிறுத்தும் நாள்கள் உண்டுதான். ஆனால் அதைக் கவுண்டரில் கேட்க வேண்டும், ஆட்டோக்காரரிடம் அல்ல.

"மலையைச் சுத்திக் காட்டுறேன்" என்று வண்டிக்குப் பேசுபவரும் உண்டு. நீதிமன்ற உத்தரவுப்படி 2024-இல் கிரிவீதியில் தனியார் வண்டிகளுக்குத் தடை வந்தது. தேவஸ்தானமே பேட்டரி வண்டிகளைக் கட்டணமில்லாமல் விட்டது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் கைப்பேசியும் கூடாது. அதைத் தேவஸ்தானப் பாதுகாப்பு அறையில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். வழியில் நின்று "என்கிட்ட குடுங்க" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

முடிகாணிக்கைக்குத் தமிழ்நாட்டு அரசு 2021-இல் கட்டணத்தை எடுத்துவிட்டது. முடி எடுக்கும் தொழிலாளருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் அப்போது அறிவித்தார்கள். அவரும் நம்மைப்போல உழைப்பாளிதான். மனசு நிறைந்து பத்து, ஐம்பது கொடுத்தால் அது நம் விருப்பம். மிரட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தான நிலையத்தில் வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. பேரை மட்டும் ஒட்டி விற்பதெல்லாம் அதுவாகிவிடாது. அன்னதானத்துக்கென்று ரசீதுப் புத்தகத்தோடு தெருவில் நிற்பவரிடமும் ஏமாறாதீர்கள். தேவஸ்தானமே 2012-லிருந்து நாள் முழுதும் அன்னதானம் போட்டு வருகிறது. கொடுக்க நினைப்பதை அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள், அல்லது உண்டியலில் போடுங்கள்.

இவற்றில் போவது காசு. உயிருக்கே உலை வைப்பது ஒன்று உண்டு. போகர் செய்த நவபாஷாணத் திருமேனி என்று நாம் பக்தியோடு கும்பிடுகிறோம். அந்த நம்பிக்கையைக் காட்டி, நவபாஷாண மணி, நவபாஷாண லிங்கம், ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடும் என்று விற்கிறார்கள். பாஷாணம் என்றாலே விஷம். போலி என்றால் காசு நஷ்டம், நிஜமாகவே பாஷாணம் என்றால் சிறுநீரகம் நஷ்டம். மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி என்பதும் இதே கதைதான். முதலில் "நூறு ரூபாய்தாங்க" என்பான். நிறுத்துப் பொட்டலம் கட்டிய பிறகு, "பத்து கிராமுக்கு நூறு" என்பான். கட்டிவிட்டால் என்ன? வாங்காமல் எழுந்து வாருங்கள்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் கிழவிகள் சொல்லி வளர்த்தார்கள். முருகனுக்குக் கொடுப்பதை மனசு கொண்ட மட்டும் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. தரகனுக்குக் கொடுப்பது முருகனுக்குப் போய்ச் சேர்வதில்லை. இரண்டையும் கலந்து பார்க்கும் மனசைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மோசடி பழனி அடிவாரத்தில் தொடங்குவதும் இல்லை. பல நேரம் நம் வாசலிலேயே தொடங்குகிறது. வாட்சாப்பில் ஒரு விளம்பரம் வரும்: 'பழனி, மதுரை, இராமேஸ்வரம், எல்லாம் சேர்த்து மலிவு விலை, இன்றே முன்பணம்.' பணம் கட்டிய மறுவாரம் கைப்பேசி அடைத்துக்கிடக்கும். இந்த நாட்டில் பயண முகவர் தொழில் செய்ய 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணம் நடத்த அனுமதி உண்டா என்று அமைச்சில் விசாரியுங்கள். நல்ல முகவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். விசாவுக்கும் அப்படியே. இந்திய அரசின் இணைய முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதைப்போலவே ஜோடித்த வேறு பக்கங்களில் பணம் கட்டாதீர்கள். பழைய இந்திய நோட்டு மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் உஷார். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016-இலேயே செல்லாமல் போயின. 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023-இல் அறிவித்துவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தும் ஏன் இது ஓயவில்லை? ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. 'படிச்ச மவன் திட்டுவான், லயத்துல சிரிப்பாங்க, சாமிக் குத்தம் ஆயிடும்' என்று விழுங்கிவிடுகிறார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் அதே கடையில் அதே தட்டை வாங்குகிறார். வெட்கப்பட வேண்டியவர் ஏமாந்தவரா, ஏமாற்றியவரா? மோசடிக்காரன் கணக்கில் பணம் போய்விட்டால் அடுத்த நிமிஷமே 997-க்குக் கூப்பிடுங்கள், போலீசிலும் புகார் கொடுங்கள். முகவர் சொன்னபடி நடக்கவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை வழக்காடலாம். பழனியில் மிரட்டல் என்றால் 112-ஐக் கூப்பிடுங்கள். பாஸ்போர்ட் போய்விட்டால் உள்ளூர்ப் போலீசில் எழுதிவைத்துக்கொண்டு சென்னையில் உள்ள நம் நாட்டுத் துணைத் தூதரகத்தை நாடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனியாகப் போகாதீர்கள் என்பேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே விலைக்கு வாங்கிக் காட்டிய ஜனம் நாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு பழனி யாத்திரையை ஒழுங்காக நடத்த முடியாதா? திருச்சியில் இறங்கினால் பழனிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். வண்டிக்குப் பேசும்போதே சாலைக் கட்டணம், டிரைவர் படி, இரவுத் தங்கல் எல்லாம் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருவரைப் பொருளாளராக வையுங்கள். விலை பேசுவது அவர் வேலை. மற்றவர்கள் சிரித்த முகத்தாரைப் பார்த்து, "எங்க பொருளாளரைக் கேளுங்க" என்றால் போதும், பாதித் தரகர் விலகிவிடுவார். ராத்திரி படுக்கும்முன் அன்றைய செலவை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

திரும்பி வந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் போடுங்கள். விபூதி, பஞ்சாமிர்தம் கொடுக்கும்போதே எதற்கு என்ன விலை கொடுத்தோம், எங்கே ஏமாந்தோம், எந்தக் கடைக்காரர் நியாயமாக நடந்தார் என்று சொல்லுங்கள். நல்லவர்களும் அங்கே நிறைய உண்டு, அவர்கள் பேரும் தெரியட்டும். அதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சங்கக் கிளையும் கோயில் நிர்வாகமும் இதைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்து மலையேறப் போகிற நம் வீட்டு அக்காளுக்கும் அண்ணனுக்கும் அந்த ஒரு தாள் காவல் நிற்கும்.

சம்பளத்தில் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டோம். சாமி காரியத்திலும் கேட்போம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், கோபித்துக்கொள்பவன் தரகன்தான்!