கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தல்

புதுமனை புகுவோரிடையே ஒரு புதிய ஆசை பரவி வருகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், பழைய கதிரைகளை வீண் பாரமென்று வாசலிற் கொண்டுவந்து போட்டு, வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்ட அதே குடும்பத்தார், இப்பொழுது "பிரெஞ்சுப் பாணிப் பழைய கைக்கதிரை ஒரு சோடி எங்கே கிடைக்கும்?" என்று விசாரிக்கின்றனர். நம்மிடம் படித்து இன்று குடும்பத்தராகிவிட்ட இருவர் இம்மாதம் இதே வினாவுடன் வந்தனர். இவ்விடயத்திற் பிறருக்குப் புத்தி சொல்லும் தகுதி நமக்கு உண்டு. நாம் முன்னரே ஏமாந்தவர்கள்.

அக்கதைக்கு முன், பிரெஞ்சுக் கைக்கதிரை என்பது யாது என்று சிறிது அறிந்துகொள்ளல் நன்று. கடைகளில் அப்பெயரால் விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு அரசர் காலத்துப் பாணிகளைத் தழுவியவை. பதினைந்தாம் லூயி மன்னன் 1715 முதல் 1774 வரை அரசு செலுத்தியவன். அவன் காலத்துக் கதிரையில் நேர்கோட்டைத் தேடியெடுப்பது அரிது. முழங்காலில் வெளியே புடைத்துக் கணுக்காலில் உள்வாங்கி, ஆட்டின் பின்னங்காலைப் போல நிற்கும் வளைகாலே அதன் அடையாளம். அவனுக்குப் பின் 1792 வரை ஆண்ட பதினாறாம் லூயியின் காலத்திலோ வளைவு சலித்துப்போயிற்று. கால்கள் நிமிர்ந்து, கீழ்நோக்கி ஒடுங்கி, நெடுக வரிப்பள்ளம் பெற்றன. முதுகு நீள்வட்டமாகவோ சதுரமாகவோ ஆயிற்று. கைகளின் கீழ் வெறுமையாய் இருப்பதை ஃபோத்தேய் என்றும், அப்பக்கங்களையும் மூடி மெத்தையிட்டதைப் பெர்ஜேர் என்றும் அந்நாட்டார் அழைப்பர். இவ்வளவு தெரிந்தால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு விழிக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர் நம் வாவிக்கரையில் அரசு செலுத்தியதில்லை. அவர்களுடைய கடற்படை 1672 இலும் 1782 இலும் திருகோணமலையில் வந்து தங்கியது. இரண்டு முறையும் நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மட்டக்களப்புக்கு வந்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவிகளைத்தான் நம் பாட்டன்மார் அறிவர். 1873 இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியை ஓங்கி வளர்த்த பொனெல் அடிகளாரின் பெயரை இன்றும் முதியோர் அன்போடு சொல்வர். ஆயினும் வளைகால் அவர்களுக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் ஒல்லாந்தர்.

புளியந்தீவிற் போர்த்துக்கேயர் 1628 இற் கட்டிய கோட்டையை 1638 இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் பரவிய வளைகாலை இந்நாட்டுத் தச்சர் கையிற் கொடுத்தனர். அவர்களோ அதைக் கருங்காலியிலும் முதிரையிலும் செதுக்கினர். வட்டமான பிரம்பு இருக்கையும் ஆறு வளைகால்களும் கொண்ட 'பேர்கோமாஸ்டர்' கதிரை அக்காலத்துப் புகழ் பெற்றது. தமிழகத்து அன்பர்கள் இதனை நாற்காலி என்று அழைக்க நேர்ந்தால் என் செய்வார்களோ! நமக்கு அத்தொல்லை இல்லை. கதிரை, மேசை, அலுமாரி ஆகிய மூன்று சொற்களையும் போர்த்துக்கேயரிடம் வாங்கிக்கொண்டோம். தச்சரை அழைக்கும் 'பாஸ்' என்ற சொல்லை ஒல்லாந்தரிடம் வாங்கிக்கொண்டோம். அக்காலத் தளபாடங்களை நேரிற் காண விரும்பும் மாணவர், கொழும்பு செல்லும்போது புறக்கோட்டையில் 1982 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் போய்வரலாம்.

இனி நம் கதை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடையொன்றில் ஒரு கைக்கதிரையைக் கண்டு மயங்கினோம். வளைகால், பூச்செதுக்கு, கறுத்த மினுக்கம், பிரம்பு முதுகு யாவும் இருந்தன. நூற்றைம்பது வருடப் பழமையுடையது என்றார் விற்றவர். ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாரி முடியுமுன்னரே ஒரு கை ஆட்டங் கண்டது. அதைச் சரிசெய்ய, நமக்கு அறிமுகமான பறங்கித் தச்சர் ஒருவரை அழைத்தோம். எழுபது வயதைக் கடந்தவர். வந்தவர் கதிரையை முன்னால் நின்று பார்க்கவேயில்லை. இரு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

"சேர், இதைக் கவிழ்த்துப் பார்க்காமலா வாங்கினீங்க?"

அந்த ஒரு வினாவிலே நம் பட்டப்படிப்பெல்லாம் பறந்துபோயிற்று. அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூலைக் கட்டைகளைப் பிடித்திருந்தவை கூட்டற்குறி வெட்டிய தலையுடைய திருகாணிகள். அத்தகைய ஆணி 1930 களிலேதான் உலகத்திற் புழக்கத்துக்கு வந்தது. இருக்கையின் அடிச்சட்டத்தில் வாள் போன தடம் வில்லைப்போல் வளைந்து கிடந்தது. அது சுழலும் இயந்திர வாளின் தடம். கைவாள் நேர்க்கோடாகவே தடம் விடும், அதுவும் ஒன்றுக்கொன்று சற்றே கோணலாக. ஒரு மூலையைச் சுரண்டினார். கறுப்பு நீங்கி வெளிறிய மரம் தெரிந்தது. "கொண்டிஸ் தண்ணியில நிறம் ஏத்தியிருக்கு" என்றார். பிரம்போ தனியே இயந்திரத்திற் பின்னிய பாய். அதைச் சட்டத்தின் பள்ளத்தில் வைத்து ஒரு பிரம்புக் கீற்றால் அடித்து இறுக்கியிருந்தார்கள். இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் மயிரிழையும் மாறாமல் ஒன்றாய் இருந்தன. மனிதன் கையாற் செதுக்கினால் அப்படி வராது.

புதிய கதிரை வாங்குவது குற்றமன்று. புதியதைப் பழையதென்று சொல்லி விற்பதுதான் குற்றம். கேட்டதை நம்பியது நம் குற்றம்.

தச்சர் தேநீர் அருந்துவதற்காகப் பின்வாசலில் அமர்ந்தார். அங்கே கொட்டிலில் இரண்டு பழஞ்சட்டங்கள் கிடந்தன. ஒன்றின்மேற் பலகை போட்டுத் தவிட்டு மூட்டை வைத்திருந்தோம்; மற்றதிற் கோழி படுக்கும். பாட்டனார் விறாந்தையிற் கிடந்த சோடி அது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளியில் வீட்டுக் கூரை அவற்றின்மேல் விழுந்ததாகத் தந்தையார் சொல்வார். 1990 இல் நாம் சிறுவராய் இருந்தபோது வீட்டை விட்டு ஓடி, நெடுநாட் கழித்துத் திரும்பி வந்தோம். கதவும் யன்னலும் போயிருந்தன, இவை மட்டும் இருந்தன. இருக்கை அறுந்த கதிரையை எவர் தூக்கிச் செல்வர்?

தச்சர் தவிட்டு மூட்டையை இறக்கிவிட்டு அதையுங் கவிழ்த்தார். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் வரிசையாகச் சிறு துளைகள். கையாற் பிரம்பு கோக்கும் துளைகள் அவை. காலும் சட்டமும் சேருமிடத்தில் இரும்பு இல்லை. துளையினுள் நாக்கைப்போல மரத்தைச் செருகி, குறுக்கே மரஆணி அறைந்திருந்தது. அந்த ஆணியின் தலை வட்டம் குலைந்து சற்றே முட்டை வடிவாயிருந்தது. மரம் ஆண்டுக்கணக்கிற் குறுக்குவாட்டில் ஒடுங்குவதால் அப்படி ஆகுமாம். வளைகால்களுள் ஒன்றின் முழங்கால் மற்றதைவிடப் பருத்திருந்தது. மரம் முதிரை. உளுப்பு ஓரிடத்திலும் இல்லை.

"எங்கட அப்பப்பா காலத்து வேலை. நூறு வருஷம் வரும். ஒல்லாந்தன்ட காலம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க" என்றார். தம் பொருளைப் பற்றியே குறைத்துச் சொல்லும் நிபுணரை அன்றுதான் கண்டோம்.

பாணி பிரெஞ்சு நாட்டது, வழி ஒல்லாந்தருடையது, மரம் நம் காட்டு மரம், கை வாவிக்கரைப் பறங்கியருடையது. பிரெஞ்சு என்று பெயர் சொல்லப்படுவனவற்றுள்ளும் இரண்டு கிழக்கிலிருந்து அங்கே சென்றவை. பிரம்பு இருக்கையை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்தே கற்றுக்கொண்டனர். 'பிரெஞ்சுப் பொலிஷ்' என்னும் மினுக்கமோ அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்துத் துணியுருண்டையாற் பலமுறை தேய்ப்பது. அந்த அரக்கு இந்தியக் காடுகளிற் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் கொடை.

ஆதலால் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இது. மெத்தை தைத்த பெர்ஜேர் வகை நம் நாட்டுக்கு ஒவ்வாது. வாவியின் உப்புக் காற்றும் மாரியின் ஈரமும் சேர்ந்தால் வெல்வெட்டில் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைப்பூச்சிக்கு அது அரண்மனை. பிரம்பு இருக்கையோ காற்றை விடும், உடலிற் சூடு ஏற்றாது. அதற்கு ஒரே எதிரி கச்சான் காற்று. அக்காலத்திற் பிரம்பு உலர்ந்து வெடிக்கும். கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி நிழலில் உலரவிட்டால் தொய்ந்த பின்னலும் மீண்டும் இறுகும். அரக்குப் பொலிஷின்மேற் சுடுதேநீர்க் கோப்பையை வைத்தால் வெண்வட்டம் விழும் என்பதையும் வீட்டிலுள்ள இளைஞருக்குச் சொல்லிவையுங்கள். நாம் சொல்லிப் பயனில்லாமற் போயிற்று.

கடைசியாக, உட்கார்ந்து பாருங்கள். அதுவும் வீட்டில் மூத்தவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள். பாதம் முழுதும் தரையிற் படியவேண்டும்; கைபிடித்து எழும்போது கதிரை பின்னால் ஓடக்கூடாது. தோட்டத்துரைமாரின் நீண்ட கைச் சாய்மனைக் கதிரை அழகுதான்; ஆனால் ஆழம் மிகுந்தது, முதியவர் எழுவதற்கு இருவர் வேண்டும். அதன் கைகளின்மேற் கால்களைப் போட்டுக் கிடப்பதை நம் வீடுகளிற் பெரியோர் முன்னிலையிற் செய்யவும் இயலாது. செலவு குறைவாக வேண்டுவோர் மரத்தை ஆவியில் வளைத்துச் செய்த வியன்னாக் கதிரையைத் தேடலாம். மிக்கேல் தோனெற் 1859 இல் வெளியிட்ட அவ்வகையின் பதினான்காம் இலக்கக் கதிரை ஆறே மரத்துண்டுகளால் ஆனது. கழற்றி அடுக்கினால் ஒரு கனமீற்றர்ப் பெட்டியில் முப்பத்தாறு அடங்குமாம். இருக்கையின் அடியில் முத்திரையோ கடதாசிச் சீட்டோ இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இங்கும் கவிழ்த்தே ஆகவேண்டும்.

கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் நம் சோடியில் ஒன்றைக் கேட்டிருக்கிறார்.  உண்மையில் ஒல்லாந்தர் காலத்துப் பொருளை வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்: 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கின்றது, அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது.

நம் கவலை வேறு. கதிரை இங்கேயே இருந்தாலும் அதைப் பின்னுவார் இருக்கவேண்டுமே. மட்டக்களப்பிற் தச்சும் கொல்லும் பறங்கியர் குடும்பங்களின் பரம்பரைத் தொழில்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பார்க் கரையைத் தாக்கியபோது அச்சமூகம் இழந்த உயிர்களை நாம் அறிவோம். உயிர்களோடு உளிகளும் சீவுளிகளும் பாட்டன்மார் வைத்திருந்த வளைகால் அச்சுக்களும் போயின என்பதை இத்தச்சர் சொல்லித்தான் அறிந்தோம். அவருடைய மக்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். பிரம்புப் பின்னலில் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு ஓட்டம் உண்டு. ஆறும் சேர்ந்தால் எண்கோணக் கண் விழும். நம் மாணவன் ஒருவன் அவர் அருகிலிருந்து முதல் நான்கையும் பழகிவிட்டான். மூலை ஓட்டத்திற் கைதவறுகின்றான். அவர் அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்.

முதற் கதிரை முடிந்து விறாந்தைக்கு வந்துவிட்டது. அதற்கான கூலி, பொய்க் கதிரைக்கு நாம் கொடுத்த விலையில் மூன்றிலொரு பங்கும் ஆகவில்லை. இரண்டாவதிலிருந்து கோழியை அப்புறப்படுத்தியாயிற்று. அதற்குரிய பிரம்பு நேற்றுத் தண்ணீரில் ஊறப் போடப்பட்டது. மாரிக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.