கீழே வைத்தது ஆர்?

சென்ற முறை குளிர்காலத்தில் சுவரில் பிடிக்கும் பூஞ்சணம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை நாய்க்குட்டி பற்றி. சவுத்தாலில் எங்கள் ஆக்களும் இப்போது குட்டி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் ஆக்கினை தாங்காமல் நானும் ஒன்று வாங்கினேன்.

ஊரில் நாய் முற்றத்தில் கிடக்கும். பொச்சுமட்டையைக் கடிக்கும், விறகைக் கடிக்கும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே இரண்டு அறைதான். கடிப்பதற்கு இருப்பது எங்கள் சாமான்கள் மட்டுமே. முதற் கிழமை மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து. அடுத்த கிழமை கதிரைக் கால். பிறகு ரீவி ரிமோட்.

மூன்றாம் கிழமை நடந்ததுதான் பெரிது. இரவு வேலை முடிந்து வந்து, பையை நிலத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அம்மா மடியில் கட்டிக் காப்பாற்றிய கடதாசி. அடுத்த நாள் வழக்கறிஞரிடம் காட்ட எடுத்து வைத்தது. கோபத்தில் செருப்பால் அடித்துவிட்டேன். குட்டி மேசைக்குக் கீழே ஓடி மூத்திரம் பெய்துவிட்டது. மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

மனைவி மட்டும் கேட்டாள்: "இஞ்சருங்கோ, பையைக் கீழ வச்சது ஆர்? குட்டியோ, நீங்களோ?"

என்னிடம் பதில் இல்லை. ஊர்ப் பதிவுக் கந்தோரில் வேறு பிரதி எடுக்கலாம். அம்மா காத்த கடதாசி திரும்பி வராது.

பிறகு மிருக வைத்தியரிடம் கேட்டதையும் பட்டறிந்ததையும் சொல்கிறேன். குட்டிக்குப் பாற்பல் 28. மூன்று, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அந்த நாட்களில் முரசு உளையும். அதனால்தான் கடிக்கிறது. குழப்படி அல்ல.

முதல் வேலை, எட்டும் சாமான்களை உயரத்தில் வைப்பது. வயர்களை மறைத்துவிடுங்கள். மின்சாரம் ஓடும் வயரைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, கடிக்க அதற்கென்று ஒன்று கொடுங்கள். துணியை நனைத்து முடிச்சுப் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் முரசுக்கு இதமாக இருக்கும். குளிர்ந்த கரட்டும் நல்லது. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செருப்பைக் கொடுக்கவேண்டாம். பழையது எது, புதியது எது என்று அதற்குத் தெரியாது. கறியில் அவிந்த எலும்பும் வேண்டாம். அது சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மூன்றாவது, சாமானைக் கவ்வினால் துரத்தாதீர்கள். அது விளையாட்டென்று நினைத்து இன்னும் ஓடும். நல்ல தீனி ஒன்றைக் காட்டி மாற்றி வாங்குங்கள். விட்டவுடன் தடவிக் கொடுங்கள்.

நான்காவது, அடிக்காதீர்கள். அடி வாங்கிய குட்டி கடிப்பதை விடாது, நாங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கும். பறிக்கப்போகிறார்கள் என்ற பயத்தில் விழுங்கியும்விடும்.

தனிமையும் ஒரு காரணம். இருவரும் தொழிற்சாலைக்குப் போய் நாள் முழுக்கப் பூட்டிவைத்தால் கதவையே கடிக்கும். நாங்கள் இப்போது வேலை நேரத்தை மாற்றி எடுத்திருக்கிறோம். தடுப்பூசிகள் முடிந்ததும் பார்க்கில் நடக்கவிட்டோம். களைத்த குட்டி படுத்துவிடும்.

சொக்கிலேற், முந்திரிகைப்பழம், பிளம்ஸ், வெங்காயம், பனடோல் எல்லாம் நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டால் பொறுத்துப் பார்க்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். பணத்துக்குப் பயந்து இருக்கவேண்டாம். மரியா டிக்கின் அம்மையார் 1917இல் வைற்சப்பலில் தொடங்கிய பி.டி.எஸ்.ஏ. நிறுவனம், அரச உதவிப்பணம் பெறுவோரில் தகுதியுள்ளவர்களின் பிராணிகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் செய்கிறது.

எங்கள் குட்டிக்கு இப்போது ஏழு மாதம். செருப்பைக் கண்டு ஒளிப்பதை விட்டுவிட்டது. அதற்கு இரண்டு மாதம் எடுத்தது. என் பை ஆணியில் தொங்குகிறது. கடதாசிகள் பிஸ்கட் பேணிக்குள், அலுமாரிக்கு மேலே. நாய் இல்லாத வீட்டுக்காரரும் உங்கள் கடதாசிகள் எங்கே கிடக்கின்றன என்று இன்றிரவே ஒருமுறை பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.