"நிறுத்து" என்பவன் பகைவன் அல்லன்

நம் சங்கத்து அன்பர்களில் முதலாளியும் உண்டு, தொழிலாளியும் உண்டு. தாராவியில் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவரும், செம்பூரிலிருந்து தினம் ரயிலேறிப் போய்ச் சம்பளம் வாங்குபவரும் பொங்கல் விழாவில் ஒரே வரிசையில்தான் அமர்கிறோம். ஆகவே இரு தரப்பாருக்கும் சேர்த்தே ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

கொரோனாக் காலத்தில் "இப்படி வேலை செய்வது ஆபத்து" என்று சொன்ன பணியாளரைப் பல இடங்களில் வேலைக்குப் பயந்தவர், நன்றியில்லாதவர் என்றே பார்த்தார்கள். அது தவறு. ஆபத்து உண்டா இல்லையா என்பதை உற்பத்திக்குப் பொறுப்பானவர் மட்டுமே முடிவு செய்வது அதைவிடப் பெரிய தவறு. நோய்தான் தணிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் வடிந்த பிறகுதானே கரையைப் பலப்படுத்த முடியும்?

முதலில் நம் ஊரிலேயே நடந்ததைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மும்பை சென்ட்ரலில் உள்ள வோக்கார்ட் மருத்துவமனையை மாநகராட்சி கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து மூடியது. அங்கே 26 செவிலியருக்கும் 3 மருத்துவருக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை, தங்களுக்குச் சரியான நேரத்தில் பரிசோதனை செய்யவில்லை என்பது செவிலியர் சங்கத்தாரின் புகார். நிர்வாகமும் தன் தரப்பு விளக்கத்தைக் கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் சச்சரவை உடனே வந்து பார்த்துத் தீர்க்க ஆள் இல்லை என்பதுதான் என் கவலை. கடைசியில் கட்டடத்தையே பூட்ட வேண்டியதாயிற்று. செவிலியருக்கு நோய், நிர்வாகத்துக்கு நஷ்டம், சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அலைச்சல். யாருக்கு லாபம்?

அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில், 2021 மே மாதம், தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். மாநிலம் முழுவதும் ஊரடங்கு இருந்தும் கார்த் தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். ஒரகடத்தில் உள்ள ரெனால்ட் நிஸ்ஸான் ஆலையின் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. உடன் உழைத்தவர்கள் சிலரைத் தொற்றுக்குப் பறிகொடுத்துவிட்டதாக அந்தச் சங்கம் கூறியது. விதிகளையெல்லாம் கடைப்பிடிப்பதாக நிர்வாகம் கூறியது.

சங்கத்தார் கேட்டது என்ன? கார் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில், கைவேலை முடியவில்லையென்றால் தொழிலாளி காரோடு நடந்து அடுத்தவர் நிற்கும் இடத்துக்குள் போய்த்தான் முடிக்க வேண்டும். அப்புறம் இடைவெளி எங்கே இருக்கும்? ஆகவே சில கார்களுக்கு ஒருமுறை ஓரிடத்தைக் காலியாக விடுங்கள் என்றார்கள். ஒரு பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், இது கோஷம் அல்ல. வரிசையில் நின்று வேலை செய்பவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய தொழில்நுட்ப யோசனை. நீதிமன்றம் அரசின் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளை நேரில் பார்த்து வரச் சொன்னது. ஆலை மே 26 முதல் 30 வரை மூடியிருந்தது. பிறகு பார்வையிட்ட அதிகாரி, உதிரிப் பாகங்கள் பூட்டும் பகுதியில் மூன்று கார்களுக்கு ஓரிடம் காலியாக விட வேண்டும் என்று பரிந்துரைத்தார். வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்ததும் இரு தரப்பாரும் கையாளக்கூடிய வழி ஒன்று கிடைத்தது. நீதிமன்றப் படி ஏறாமலே இது கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை 'மெகா பிளாக்' என்றாலே நம் மும்பைவாசிகள் முகம் சுளிப்பார்கள். அந்த பிளாக்கைக் கேட்டு வாங்கும் வேலைதான் என் வேலை. வண்டி ஓட்டும் துறைக்கு வண்டி ஓட வேண்டும். எங்களுக்குப் பாதை நிற்க வேண்டும். இருவருக்கும் தினமும் வாக்குவாதம்தான். ஒரு மழைக்கால இரவில், பாதைக்கடியில் ஜல்லி அரித்துப்போனதைக் கண்டு வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைக்கச் சொன்னேன். தொலைபேசியில் கண்ட்ரோல்காரர் சத்தம் போட்டார். எத்தனை வண்டி தாமதம் தெரியுமா, யார் பதில் சொல்வது என்றார். அவர் கெட்டவர் அல்லர். வண்டியை நேரத்துக்கு ஓட்டுவது அவர் கடமை. ஆனால் பாதைக்குப் பொறுப்பானவன் போட்ட வேகக் கட்டுப்பாட்டை அவர் நீக்க முடியாது, அது விதி. அந்த விதி இல்லாவிட்டால் யார் குரல் உரக்க இருக்கிறதோ அவர் சொல்வதே பாதுகாப்பு என்று ஆகியிருக்கும்.

இந்த ஞானம் ரயில்வேக்கு மேல்மட்டத்திலும் உண்டு. பாதுகாப்பு ஆய்வாளர்களை 1941-லேயே ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்து வேறு துறையின் கீழ் வைத்தார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். மும்பையில் புதிய மெட்ரோ பாதை எதுவும் பாதுகாப்பு ஆணையரின் சான்று கிடைத்த பிறகே திறக்கப்படுவதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வண்டி ஓட்டுபவரே வண்டிக்கு நற்சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

சட்டமும் இதை அறியாமல் இல்லை. போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான தொழில்களில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும். ஆய்வாளர் முடிவே இறுதி. 2020-ல் இயற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த உரிமையை மற்றத் தொழில்களுக்கும் விரித்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தும்.

இங்கேதான் தாராவி நினைவுக்கு வருகிறது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கே முதல் தொற்று தெரிந்தபோது நாடே அஞ்சியது. தோல் வேலை, தையல் வேலை, பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வேலை என்று எத்தனையோ பட்டறைகள். ஐந்து பேர், எட்டுப் பேர், பகலில் உழைத்த அறையிலேயே இரவில் படுக்கை. இவர்களுக்குச் சங்கமும் இல்லை, நீதிமன்றம் போகப் பணமும் இல்லை, சட்டத்தின் எண்ணிக்கையும் எட்டவில்லை. "சேட், இந்த அறையில் இத்தனை பேர் படுக்க முடியாது" என்று சொல்பவன் மறுநாள் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியவன்தான்.

முதலாளி அன்பர்கள் சொல்வதையும் நான் அறிவேன். வாடகை நிற்காது, வட்டி நிற்காது, ஆர்டர் போனால் திரும்பாது. ஆளாளுக்கு ஆபத்து என்று கையைக் கட்டிக்கொண்டால் பட்டறை எப்படி நடக்கும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே சொன்ன செவிலியரும் சரி, ஒரகடத்துத் தொழிலாளரும் சரி, வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படி வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் முதலாளிக்கு நஷ்டம் குறைவு. காலி இடம் விட்டு ஓடும் வரிசை மெதுவாக ஓடும். பூட்டிய ஆலை ஓடவே ஓடாது.

தொழிலாளி அன்பர்களுக்கும் ஒரு சொல். "பாதுகாப்பு இல்லை" என்று பொதுவாகக் குறை சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன மாற்றினால் சரியாகும் என்று சொல்லுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுத்துத் தேதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு இருக்கும் மரியாதை வாய்ப்பேச்சுக்கு இல்லை.

சங்கத்துக்கு என் தாழ்மையான யோசனை இது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வு பெற்ற பொறியாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். சட்டம் எட்டாத சிறு பட்டறைகளில் இப்படி ஒரு கருத்து வேறுபாடு எழுந்தால், இரு தரப்பாரும் அழைத்தால் போய்ப் பார்த்துவர மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைக்கலாம். அதற்கு அதிகாரம் எதுவும் இராது. ஆனால் சம்பளம் கொடுப்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத ஒருவரின் கண் அந்த அறைக்குள் விழும். அடுத்த நோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. காற்றோட்டமில்லாத அறையும் பழுதான மின்கம்பியும் இன்றைக்கே இருக்கின்றன. வேலையை அவற்றிலிருந்தே தொடங்கலாம். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.