தேநீர்க்கடை வாசலில் ஒரு கட்சி

இலங்கையில் 1957-லேயே சட்டம் வந்துவிட்டது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். கோயிலிலோ கடையிலோ சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுத்தால் குற்றம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டுகள் கழிந்தும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பேணிதான், தனிக் குவளைதான். உள்ளே உட்கார முடியாது. பெரிய கோயில்களின் வாசலும் திறக்கவில்லை.

ஏட்டில் கிடந்த அந்தச் சட்டத்தைத் தெருவுக்கு இழுத்துவந்தது, நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட வெல்லாத ஒரு கட்சி.

இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1943 ஜூலை 3-ல் பிறந்தது. மாஸ்கோவா, பீக்கிங்கா என்று உலகமே இரண்டுபட்டபோது அதுவும் உடைந்தது. மானிப்பாயில் பிறந்து, பல்கலைக்கழகம் முடித்த கையோடு முழுநேர ஊழியராகிவிட்ட நா. சண்முகதாசன் 1963-ல் வெளியேற்றப்பட்டார். தோழர்களுக்கு அவர் ‘சண்’. தொழிற்சங்க சம்மேளனத்தின் பெரும்பகுதி அவர் பின்னால் வந்தது. 1964-ல் தனிக் கட்சி. 1965 தேர்தலில் பூஜ்யம். தேர்தல் முடிவை மட்டும் வைத்து எடைபோடுபவர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கோ கதை இங்கேதான் தொடங்குகிறது.

1966 அக்டோபர் 21. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்குச் சண்ணின் கட்சி நடத்திய சாதி எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. போலீஸ் அடித்தது, அடிபட்டவர்கள் கலையவில்லை, முற்றவெளி வரை நடந்தார்கள். மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. தலைவர் எஸ்.டி.என். நாகரத்தினம். பின்னாளில் ‘பஞ்சமர்’ நாவலை எழுதிய கே. டானியல் முன்னணி அமைப்பாளர்களில் ஒருவர். நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். சங்கானையில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அடித்தால் திருப்பி அடிப்போம் என்ற துணிவு அப்போதுதான் வந்தது. சங்கானை ஷாங்காய் ஆகிறது என்று நாடாளுமன்றத்தில் புலம்பல் கேட்டதென்றால், வலி எங்கே என்று புரிந்துகொள்ளலாம்.

எல்லாப் பெருமையையும் இந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவதும் தவறு. ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை அதற்கு முன்பே நிலத்தை உழுது வைத்திருந்தது. அதன் எம்.சி. சுப்பிரமணியம் மாஸ்கோ பக்கம் நின்றவர். 1970-ல் நியமன உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். ஒரு பிரிவுக்கு நாடாளுமன்றம், இன்னொரு பிரிவுக்குத் தெரு.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்சி சாதித்தது அதன் பாடப்புத்தகத்தில் முதல் பாடமாக இல்லாத விஷயத்தில். தலைமை சீனப் பாதையை நாட்டுக்கே பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்து ஊழியர்கள் தங்கள் ஊர் வாசலில் கிடந்த சிக்கலைக் கையிலெடுத்தார்கள். அதே கட்சிக்குத் தன் சொந்தப் பிள்ளைகளையே தக்கவைக்கத் தெரியவில்லை. ரோஹண விஜேவீர இங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்தான். அவருடைய மக்கள் விடுதலை முன்னணி 1971 ஏப்ரலில் ஆயுதம் தூக்கியது. கிளர்ச்சியில் பங்கில்லாத சண்ணையும் அரசு பிடித்து உள்ளே வைத்தது. யாரை நம்பி இந்தக் கட்சி உடைந்து வந்ததோ, அந்தச் சீனம் என்ன செய்தது? கிளர்ச்சியை அடக்கிய பிரதமர் சிறிமாவோவுக்குச் சீனப் பிரதமர் சூ என்லாய் ஆதரவுக் கடிதம் எழுதினார். வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். காவலில் இருந்தபடி சண் இலங்கை வரலாற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

மாவோ மறைந்த பிறகு கட்சி மேலும் உடைந்தது. 1978-ல் கே.ஏ. சுப்பிரமணியமும் தோழர்களும் தனியே போனார்கள். தமிழ் இளைஞர்கள் அதற்குள் வேறு பாதையில் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். இனப்பிரச்சினையை இந்தக் கட்சி காலம் கடந்துதான் எடைபோட்டது என்பது என் கணிப்பு. சண் 1993-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் காலமானார்.

மாவிட்டபுரம் கதையைச் சொல்லாமல் விட்டேன். 1968-ல் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய வந்தவர்களை மறித்து வாசலில் நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். யாருமே சீண்டாமல் கிடந்த 1957 சட்டத்தின்படி அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். அங்கும் தோற்றார். அதுவும் 1971-ல்தான்.

- கட்டுரையாளர், இலங்கை இடதுசாரி இயக்க வரலாற்று ஆய்வாளர்.